வெற்று மாதிரி, குப்பி ஏழு

பதினொன்று அடித்து நாலு நிமிடம்.
கடைசி டிராம் ஆற்றுப்பாலம் ஏறிப் போய்விட்டது.
இனிமேல்தான் எங்கள் மேஜைக்கு உறக்கம்.
காற்றுக் கால்களில் மிதக்கும் அரை டன் எஃகு அது;
ஆனாலும் பிர்னோவின் ஒவ்வொரு டிராமும்
அதன் வயிற்றைக் கலக்கிவிட்டுத்தான் போகும்.

கண்ணாடிச் சில்லுக்குள் ஒரு சொட்டு.
பச்சை லேசர் பக்கவாட்டில் நுழைகிறது.
நாங்கள் துகளைப் பார்ப்பதேயில்லை,
அது சிதறடித்த ஒளியைத்தான் பார்க்கிறோம்.
ஆள் வரவில்லை,
இருமல் மட்டும் கேட்கிறது.

வெண்டுலா அவற்றுக்கு எண் கொடுக்கிறாள்,
பெயர் கொடுப்பதில்லை.
ஆயிரத்துப் பன்னிரண்டு. ஆயிரத்துப் பதிமூன்று.
நொடிக்கு முப்பது படம்.
எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் முட்டுகிறது,
எந்தப் பக்கம் போவது என்று துகளுக்கும் தெரியாது,
முட்டுகிற தண்ணீருக்கும் தெரியாது.
சின்னது அதிகம் அலையும், பெரியது கொஞ்சம் அசையும்.
அலைச்சலை அளந்தால் உடம்பு தெரிந்துவிடும்,
எங்கள் தொழிலின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான்.
(மனிதர்களுக்குப் பொருந்தாது. ஓட்மாரைப் பாருங்கள்:
நூற்றுப் பத்து கிலோ,
ஓர் இடத்தில் நிற்கமாட்டார்.)

அன்றைக்கு எளிய வேலை. வெற்று மாதிரி.
மூன்று முறை வடிகட்டிய நீர், வேறெதுவும் இல்லை.
ஒன்றுமில்லை என்று நிரூபித்துவிட்டு
வீட்டுக்குப் போகலாம்.

ஏழாம் குப்பியில் ஒரு புள்ளி.

மெய்யெழுத்தின் தலைக்கு மேல் வைத்தது போல,
கீழே எழுத்தை மட்டும் காணோம்.

"உன் ஸ்வெட்டர்" என்றாள் வெண்டுலா.
கழற்றி நடைகூடத்தில் எறிந்தேன்.
கம்பளி இழை என்றால்
திரை முழுக்க மலைப்பாம்பாகப் படுத்திருக்கும் என்று
இருவருக்கும் தெரியும். இருந்தாலும் எறிந்தேன்.
"சில்லை மாற்றட்டுமா?"
"மாற்றினால் போய்விடும்."

ஆகவே பின்தொடர்ந்தோம்.
மங்கும்போதெல்லாம் அவள் திருகைத் தொட்டாள்,
தூங்குபவர் போர்வையைச் சரிசெய்வது போல.
எனக்குக் குளிர்ந்தது. நீரின் வெப்பம்
இருபத்தொன்று புள்ளி மூன்று; என்னுடையதை யாரும் குறிக்கவில்லை.
இடப்பெயர்ச்சியின் வர்க்கம் காலத்தோடு ஏறி
கோணல் இல்லாத ஒரு கோடு கிடைத்தது.
விட்டம், நூற்று அறுபது நானோமீட்டர்.
யாரும் போடாத ஒரு பொருளுக்கு
இத்தனை ஒழுங்கான அளவு.

ஓட்மார் வாயில் ரொட்டியோடு வந்தார்.
"ஒளி என்ன சொல்கிறது? எத்தனை தாமதம்?"

எதற்குள் புகுந்து வந்தாலும் ஒளி
சற்றுப் பின்தங்கியே வரும்.
பாலிஸ்டைரீன் மணியில், கொழுப்புத் திவலையில்,
புரதக் கட்டியில், எங்கள் பழைய மாதிரிகள் எல்லாவற்றிலும்.
இதில் அது முந்தி வந்திருந்தது.
சுற்றியிருந்த நீரைவிட
உள்ளே வழி சுலபமாக இருந்திருக்கிறது.

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.
"காற்று."

"ஓட்டைக்கு விட்டம் கண்டுபிடித்திருக்கிறோம்" என்றாள் வெண்டுலா.
சிரிக்கத்தான் தொடங்கினாள், பாதியில் விட்டுவிட்டாள்.
இத்தனை சிறிய குமிழி
நொடிகூட நிலைக்கக் கூடாது என்று ஒரு கணக்கு இருக்கிறது.
இது எங்களோடு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

இரண்டு பத்துக்கு அது இல்லை.
ஒரு படத்தில் உண்டு, அடுத்த படத்தில் இல்லை.
உடைந்ததா, ஒளியை விட்டு விலகிப் போனதா?
இரண்டுக்கும் ஒரே இருட்டு.

துகள் எண்ணிக்கை என்ற இடத்தில் என்ன எழுத?
பூஜ்யம் என்றார் ஓட்மார், துகளே இல்லையே.
ஒன்று என்றாள் அவள், எண்ணினோமே.
குரல் உயர்ந்தது; எங்கள் சண்டையில்
திரையின் வெறுமைகூட லேசாக அதிர்ந்தது.
கடைசியில் பேனாவை வைத்துவிட்டு
பென்சிலால் ஒரு சுழி போட்டேன்,
வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக.

ஸ்வெட்டரை எடுக்க வெளியே போனபோது
நாலே முக்கால்.
தெருவில் இன்னும் சத்தமில்லை.
உள்ளே திரை நடுங்கத் தொடங்கியிருந்தது:
எங்கோ முதல் டிராம்.